சம்பந்திப் போர்

செவ்வாய் கிரகத்தில் நேற்று நீங்கள் கட்டியிருந்த வேட்டி இன்று எதிர்வீட்டுக்காரர் உடம்பில் சட்டையாக இருக்கும். இதில் அங்கே யாருக்கும் கூச்சம் கிடையாது. செம்பாலை நகரத்தில் சாயங்காலம் ஆனதும் அவரவர் வீட்டுக் குளியலறைச் சுவரிலிருக்கும் கரைதொட்டியைத் திறந்து அன்றைக்கு உடுத்தியதையெல்லாம் உள்ளே போட்டுவிடவேண்டும். துணி கரைந்து நாராகிக் குழாய் வழியே ஓடி, ஊருக்குப் பொதுவான நார்க்குளத்தில் சேரும். காலையில் அதே நார் உங்கள் அளவுக்குப் புதுத்துணியாகி இறங்கும். பருத்தி விளையாத கிரகத்தில் இருக்கிற நார் அவ்வளவுதான். ஒரு குழந்தை பிறந்தால் ஊரார் எல்லாருடைய சட்டைக்கையும் மயிரிழை குறையும். அதனால் குழந்தை பார்க்கப் போகிறவர்கள், “நம்ம சட்டைக்கையைப் பார்த்துட்டு வருவோம்” என்று கேலி பேசிக்கொண்டே கிளம்புவார்கள்.

இப்படிப்பட்ட ஊரில் ஒருவரிடம் நூற்றைம்பது வருஷத்துக்கும் மேலான மேலங்கி ஒன்று கரையாமல் இருந்தது என்றால், அவர் எவ்வளவு மிதப்பாக நடந்திருப்பார் என்று யோசித்துக்கொள்ளுங்கள். அவர் பெயர் ஞானசிகாமணி. நகரத்தின் காற்றுக்குழாய்களைப் பழுதுபார்த்து ஓய்வுபெற்றவர். முழங்கால் வலி, முன்கோபம், மனைவி ஆவுடை, இந்த மேலங்கி, இவைதான் அவருடைய சொத்து. மேலங்கியைத் தவிர மற்ற மூன்றையும் பற்றி அவர் வெளியில் பேசியதில்லை.

அவருடைய தாத்தா பூமியிலிருந்து கப்பலேறியபோது ஆளுக்கு ஒரு கிலோ சொந்தப் பொருள் கொண்டுவரலாம் என்றார்களாம். மற்றவர்கள் சாமி படம், விதை, ஊறுகாய் என்று அள்ளிக்கொண்டு வந்தபோது, தாத்தா தன் பாட்டன் விட்டுப்போன இந்தச் சிவப்பு மேலங்கியை மடித்துக் கொண்டுவந்தார். மார்பு முழுக்கப் பொன்னிற ஜரிகைப் பின்னல். இரண்டு தோளிலும் குஞ்சம். தோளிலிருந்து இடுப்புவரை குறுக்கே ஒரு பட்டை மட்டும் உராய்ந்து வெளுத்திருந்தது. வலது கைமடிப்பில் பழுப்பேறிய ஒரு கறை. துணியோடு ஒரு பேச்சும் வழிவழியாக வந்தது. “நம்ம பாட்டன் எப்பவும் குதிரைக்கு முன்னாடிதான் போவாராம்.”

குதிரைக்கு முன்னால் போகிறவர் யார்? குதிரைப்படைக்குத் தலைமை தாங்குகிறவர். குறுக்குப் பட்டை என்ன? தோட்டாப் பை தொங்கிய வார். கறை என்ன? வேறென்ன, இரத்தம். இப்படி அவர்கள் வீட்டில் மூன்று தலைமுறையாகக் கணக்குப் போட்டு வைத்திருந்தார்கள். நகரத்துக் குதிரைப்படை வரலாற்று மன்றத்தில் ஞானசிகாமணியை எல்லோரும் ரிசல்தார் அண்ணாச்சி என்றே கூப்பிட்டார்கள். ரிசல்தார் என்பது அந்தக் காலத்துக் குதிரைப்படை அதிகாரியின் பதவிப்பெயர். அந்தக் கூப்பிடலைக் கேட்கும்போது முழங்கால் வலிகூட அவருக்குத் தெரியாது.

இந்த மன்றத்தைப் பற்றிக் கொஞ்சம் சொல்லவேண்டும். செம்பாலையில் குதிரை கிடையாது. உறுப்பினர் ஒருவரும் குதிரையைக் கண்ணால் கண்டதில்லை. அது நின்றுகொண்டு தூங்குமா படுத்துக்கொண்டு தூங்குமா என்று கேட்டால் முழிப்பார்கள். ஆனால் சேணத்தின் கீழே விரித்த கம்பளத்துக்கு எத்தனை மடிப்பு என்று தொண்டை கட்டும்வரை சண்டை போடுவார்கள். வாள் இடது இடுப்பில் தொங்கியதால்தான் குதிரையின் இடப்பக்கமாக ஏறினார்கள் என்று ஞானசிகாமணி சொல்ல, அப்படியானால் இடக்கைக்காரன் எப்படி ஏறினான் என்று அம்பலவாணன் கேட்க, அந்த ஒரு கேள்வியிலேயே ஒரு புழுதிப் பருவம் முழுக்க ஓடிப்போனது.

அம்பலவாணன் நகரத்துப் பாசிப் பண்ணையின் மேலாளர், மன்றத்தின் செயலாளர், ஞானசிகாமணியின் உயிர்த்தோழர். இருபது வருஷமாக இரண்டு பேரும் எதிரெதிரே உட்கார்ந்து ஒருவர் சொல்வதை ஒருவர் மறுத்தே பழகியவர்கள். அவரிடம் இருந்தது ஒரு குதிமுள். குதிகாலில் மாட்டிக்கொண்டு குதிரையின் விலாவில் குத்தி விரட்டுகிற சின்ன இரும்புச் சாமான். அதை அவர் கண்ணாடிப் பேழையில் வைத்துத் தினமும் துடைப்பார். என்ன துடைத்தாலும் மேலங்கி இருக்கும் இடத்தில் குதிமுள்ளை யார் பார்க்கிறார்கள்?

மன்றத்துக்கு எழுதாத சட்டம் ஒன்று உண்டு. யாரும் யாருடைய பொருளுக்கும் நூல் கேட்கக் கூடாது. நகர மண்டபத்தில் மெய்நாடி என்ற இயந்திரம் இருக்கிறது. ஒரு பொருளிலிருந்து ஒரு நூலிழையோ துருத்தூளோ கொடுத்தால் போதும், அது எப்போது எதனால் செய்தது, அதன்மேல் என்னென்ன பட்டது என்று பிட்டுப்பிட்டு வைத்துவிடும். அடுத்தவர் பொருளுக்கு நூல் கேட்பது, நீ யாருக்குப் பிறந்தாய் என்று முகத்துக்கு நேரே கேட்பதற்குச் சமம். மன்றம் தொடங்கிய நாளிலிருந்து யாரும் கேட்டதில்லை. கேட்டால் பதிலுக்குத் தன் பொருளுக்கும் கேட்பார்கள் என்ற பயம் எல்லோருக்கும் இருந்தது என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

அந்த வருஷம் செம்பாலையில் பிள்ளைகள் அதிகம் பிறந்துவிட்டன. சட்டைக்கைகள் முழங்கைக்கு மேலே ஏறிவிட்டன. நகர நிர்வாகம் ஒரு முடிவெடுத்தது. பாறைக்கடியில் காப்பறை ஒன்று குடைந்து, அதில் பூமியின் வரலாற்றைச் சொல்லும் பொருள்களை வைத்து ஆயிரம் வருஷத்துக்கு மூடிவிடுவது. அதில் இடம் கிடைக்காத பழைய துணியெல்லாம் கரைதொட்டிக்கு, பழைய உலோகமெல்லாம் உருக்கும் உலைக்கு. ஒவ்வொரு மன்றத்துக்கும் ஒரே ஓர் இடம். மன்றத்தார் ஒருவர் முன்மொழிய வேண்டும். முன்மொழிந்த பொருள் நகர சபையில் தேறாமல் போனால், முன்மொழிந்தவரே அங்கேயே மாற்றுப் பொருள் சொல்லலாம்.

மன்றக் கூட்டத்தில் மேலங்கியை முன்மொழிந்தவர் அம்பலவாணன். இருபது வருஷமாக மறுத்துப் பேசிய வாயால் அவர் அன்று அதைப் புகழ்ந்ததைக் கேட்டு ஞானசிகாமணிக்குக் கண் கலங்கிவிட்டது. வீட்டுக்கு வந்து, கூடப்பிறந்தவன்கூட இப்படிச் செய்யமாட்டான் என்று ஆவுடையிடம் சொல்லிச் சொல்லி மாய்ந்துபோனார். ஆவுடை, அவருக்கும் ஒரு பொருள் இருக்கிறதே, அது என்ன ஆகும் என்று மட்டும் கேட்டாள். ஞானசிகாமணிக்கு அது காதில் விழவில்லை.

சபை கூடிய நாளில் நகர மண்டபம் நிறைந்திருந்தது. தபால்தலை மன்றத்துக்கும் கிரிக்கெட் மன்றத்துக்கும் இடம் கொடுத்து முடித்தார்கள். குதிரைப்படை மன்றத்தின் முறை வந்ததும் ஞானசிகாமணி மேலங்கியைக் கைக்குழந்தைபோல ஏந்திக்கொண்டு மேடைக்குப் போனார். எல்லோரும் கைதட்டினார்கள். தட்டி ஓய்ந்ததும் அம்பலவாணன் எழுந்தார். அவர் பாராட்டிப் பேசப்போகிறார் என்றுதான் ஞானசிகாமணி நினைத்தார்.

“முன்மொழிஞ்சவன் நான். ஆயிரம் வருஷத்துக்கு வைக்கிற பொருள். அதனால முறைப்படி நூல் கேக்கேன்” என்றார் அம்பலவாணன்.

ஞானசிகாமணிக்கு முதலில் புரியவேயில்லை. நண்பர் ஏதோ விளையாடுகிறார் என்று சிரித்துக்கூடப் பார்த்தார். அம்பலவாணன் அவர் முகத்தைப் பார்க்கவில்லை. மெய்நாடியின் கை நீண்டு வந்து மேலங்கியின் ஓரத்திலிருந்து ஓர் இழையை எடுத்துக்கொண்டது. பிறகு கறையின்மேல் மெல்ல ஒற்றி எடுத்தது.

மெய்நாடிக்குப் பேசும்போது ஏற்ற இறக்கம் கிடையாது. துணி பாலியெஸ்டர், பூமியில் அக்காலத்தின் மிக மலிவான துணி என்றது. ஜரிகை பிளாஸ்டிக் என்றது. குதிரைமேல் ஏறிப் போர் செய்வது நின்றுபோய் நெடுங்காலத்துக்குப் பிறகு தைத்தது என்றது. குறுக்கே உராய்ந்தது தோட்டாப் பையின் வார் அல்ல, மேளம் தொங்கவிட்ட வார். கறை இரத்தம் அல்ல, மஞ்சள்தூளும் சுண்ணாம்பும் கரைத்த தண்ணீர். இரண்டும் சேர்ந்தால் சிவக்கும். கல்யாணங்களில் மணமக்களுக்குச் சுற்றிக் கொட்டிய ஆரத்தி.

“முடிவு. மணமகன் ஏறிவந்த குதிரைக்கு முன்னால் மேளமடித்துச் சென்ற பேண்டு வாத்தியக்காரரின் சீருடை” என்றது மெய்நாடி.

பாட்டன் குதிரைக்கு முன்னால் போனது உண்மைதான். அதில் பொய்யே இல்லை. பின் வரிசையில் யாரோ சிரித்தார்கள். சிரிப்பு முன் வரிசைக்கும் பரவியது. ரிசல்தார் பேரன் மேடையில் மேலங்கியோடு நின்றுகொண்டிருந்தார். எங்கே உட்காருவது என்றுகூட அவருக்குத் தெரியவில்லை.

அம்பலவாணன் தொண்டையைச் செருமிக்கொண்டு, மாற்றுப் பொருளாகத் தன்னுடைய குதிமுள்ளை முன்மொழிந்தார். பை தயாராகக் கையிலேயே இருந்தது. மெய்நாடி அதைச் சுரண்டிப் பார்த்து, உண்மையான படைச்சாமான் என்றது. முள்ளின் நுனியில் இரத்தம் இருக்கிறது என்றதும் சபை மூச்சைப் பிடித்துக்கொண்டது. குதிரையின் இரத்தம் என்றதும் எழுந்து நின்று கைதட்டினார்கள்.

துணிக்கு வேறு வழி இல்லையா என்று ஞானசிகாமணி கெஞ்சிக் கேட்டபிறகு மெய்நாடி ஒரு வழி சொன்னது. காப்பறையில் பொதுப்பிரிவு என்று ஒன்று உண்டு. எந்த மன்றத்திலும் சேராத பொருள், ஏதாவது ஒரு வரலாற்று நிகழ்வோடு தொடர்புடையது என்று காட்டினால் அங்கே வைக்கலாம். மறுநாள் மதியம் வந்து காட்டவேண்டும். இல்லையென்றால் அங்கேயே கரைதொட்டி.

அன்று சாயங்காலமே அம்பலவாணன் ஞானசிகாமணியின் வீட்டுக்கு வந்தார். வந்தவரை வாங்க என்று ஆவுடை கேட்காமலிருந்தது அதுவே முதல்முறை. ஞானசிகாமணி மடியில் மேலங்கியை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

“எப்ப வே தெரியும் உனக்கு?” என்றார்.

“உங்க வீட்டுக் குழாய் வெடிச்சப்ப, பத்திரமா வைன்னு சட்டையை எங்கிட்டக் குடுத்தீங்கள்லா அண்ணாச்சி. அப்ப ஒரு இழை எடுத்து மெய்நாடிகிட்டக் குடுத்துப் பார்த்தேன்.”

குழாய் வெடித்தது பத்து வருஷத்துக்கு முன்னால். வீட்டில் காற்று தீர்ந்துகொண்டிருந்தபோது ஞானசிகாமணி மேலங்கியைத் தூக்கிக்கொண்டு ஓடியது அம்பலவாணன் வீட்டுக்குத்தான். ஆவுடையைக்கூட அதற்கப்புறம்தான் கூட்டிவந்தார். ஆவுடை அதை இன்றுவரை சொல்லிக்காட்டுவாள்.

அப்போதே சொல்லியிருக்கலாமே என்று அவர் கேட்டார். சொன்னால் நீங்கள் மன்றத்துப் பக்கமே வரமாட்டீர்கள், உங்களை விட்டால் சண்டை போட எனக்கு யார் இருக்கிறார்கள் என்றார் அம்பலவாணன். அதில் பொய் இல்லை என்பது அவர் முகத்திலேயே தெரிந்தது. பிறகு ஏன் இப்போது சொன்னாய் என்று கேட்டபோது அவர் தரையைப் பார்த்தார்.

“முள்ளு உலைக்குப் போயிரும்னு பயந்துட்டேன். நேரடியா அதைச் சொன்னா யாரும் ஒத்துக்க மாட்டாங்க. உங்க சட்டை இருக்கும்போது எவன் அதைப் பார்ப்பான்? சட்டையை நானே சொல்லி, அது கவுந்தாத்தான் எனக்கு வழி.”

“அப்ப நீ பாராட்டிப் பேசினதெல்லாம்?”

அம்பலவாணன் மேலங்கியின் குஞ்சத்தைத் தொடக் கை நீட்டினார். ஞானசிகாமணி அதை இழுத்துக்கொண்டார்.

“இருபது வருஷம் வே. உன் வாயிலேர்ந்து வந்ததை மறுத்துப் பேசியிருக்கேன். ஒரு நாளும் சந்தேகப்பட்டது இல்ல. வயிறு எரியுது எனக்கு. எந்திரிச்சுப் போயிரு.”

அம்பலவாணன் போனபிறகு ஞானசிகாமணி அழுதார். கல்யாணத்துக்கு மேளமடித்தவர் என்றால் அதில் என்ன கேவலம் என்று ஆவுடை கேட்டாள். எத்தனை பேர் வீட்டு நல்ல காரியத்துக்கு இந்தச் சட்டை முன்னால் நடந்து போயிருக்கும், அதைப் போய்ச் சொல்லுங்கள், இயந்திரமானாலும் கேட்டுக்கொள்ளாமலா போகும் என்றாள். சொல்லச் சொல்ல ஞானசிகாமணிக்கும் அது நியாயமாகப் பட்டது. முதல்முறையாக அவர் அந்தக் கறையை மூக்கருகே வைத்து முகர்ந்து பார்த்தார்.

மறுநாள் மதியம் மண்டபத்தில் கூட்டமில்லை. மெய்நாடி இருந்தது. பக்கத்தில் கரைதொட்டி மூடி திறந்து தயாராக இருந்தது. பழைய துணி ஒன்று கரைவதென்றால் சம்பந்தப்பட்ட மன்றத்தின் செயலாளர் உடனிருக்க வேண்டும் என்பது விதி. அதனால் ஓரத்து நாற்காலியில் அம்பலவாணனும் இருந்தார்.

எந்த நிகழ்வு என்று மெய்நாடி கேட்டது. கல்யாணம் என்றார் ஞானசிகாமணி. அது வரலாற்று நிகழ்வுதானா என்று பார்க்கிறேன் என்று மெய்நாடி வரிசையாகக் கேள்வி கேட்க ஆரம்பித்தது. இரண்டு தரப்பு இருந்தனவா? இருந்தன, மாப்பிள்ளை வீடு, பெண் வீடு. திரண்டு வந்தார்களா? கூட்டம் கூட்டமாக வந்து இறங்குவார்கள். இரு தரப்புக்கும் பிணக்கு உண்டா? இதைக் கேட்டதும் ஞானசிகாமணிக்குக் கொஞ்சம் தெம்பு வந்தது. வேறு எது மாறியிருந்தாலும் செவ்வாயில் கல்யாணம் மட்டும் மாறவில்லை.

“சம்பந்தி சண்டை இல்லாம எங்கய்யா கல்யாணம் நடக்கு? காபி ஆறிப்போச்சும்பாங்க. மாப்பிள்ளைக்கு மாமா வந்திருக்காரு, ஒருத்தரும் வாங்கன்னு சொல்லலைம்பாங்க” என்றார்.

“சம்பந்திப் போர்” என்று மெய்நாடி பதிந்துகொண்டது. “இறந்தவர்கள் எத்தனை பேர்?”

“யாரும் சாக மாட்டாங்க. சமாதானமாகி எல்லாரும் சாப்பிட்டுட்டுப் போயிருவாங்க.”

“ஒருவர்கூட இறக்கவில்லையா?”

“இல்ல.”

“அப்படியானால் எதுவும் நிகழவில்லை” என்றது மெய்நாடி. கரைதொட்டியின் விளிம்பில் விளக்கு எரிந்தது.

மெய்நாடியைக் கோபிக்காதீர்கள். அது வஞ்சகம் தெரியாத இயந்திரம். வரலாறு என்றால் என்ன என்று அதற்குக் கற்றுக்கொடுக்கப் பூமியின் பள்ளிக்கூடப் புத்தகங்களைத்தான் ஊட்டியிருந்தார்கள். நீங்களும் நானும் படித்துப் பரீட்சை எழுதினோமே, அதே புத்தகங்கள். எந்த ஆண்டு, எந்த இரண்டு பேருக்கு இடையில், எத்தனை பேர் செத்தார்கள். மேளமடித்தவன், பந்தி பரிமாறினவன், பிள்ளை பெற்றவள் யாரும் அவற்றில் வரவில்லை. பொருளில் பொய்யிருந்தால் மெய்நாடி கண்டுபிடிக்கும். மனிதர் வாயால் சொல்வதை அப்படியே எழுதிக்கொள்ளும். வரலாறு எழுதுவது அப்படித்தான் என்று அது அந்தப் புத்தகங்களிலிருந்தே தெரிந்துகொண்டிருந்தது.

மெய்நாடியின் கை மேலங்கியின் தோளைப் பற்றியது. ஞானசிகாமணி மறுபக்கத்தை விடவில்லை.

“ஒருத்தர் செத்தாரு” என்றார்.

கை நின்றது. பெயர் என்ன என்று மெய்நாடி கேட்டது.

ஞானசிகாமணி யோசிக்கவேயில்லை. நேற்றிலிருந்து அவர் நெஞ்சில் கிடந்து அறுத்துக்கொண்டிருந்த பெயர் ஒன்றே ஒன்றுதான். “அம்பலவாணன்” என்றார்.

சாட்சி உண்டா என்றது மெய்நாடி. ஓரத்து நாற்காலியில் இருந்தவர் எழுந்து நின்றார். அவருக்கு முகம் வெளுத்துப்போயிருந்தது.

“உண்டு. எங்க கொள்ளுத்தாத்தா. அவர் பேரைத்தான் எனக்கு வச்சிருக்காங்க. ஒரு கல்யாணச் சண்டையிலதான் செத்துப்போனாருன்னு வீட்டுல சொல்லுவாங்க” என்றார் அம்பலவாணன்.

தான் செய்ததற்கு ஈடாக இதையாவது செய்வோம் என்று அவர் நினைத்தார். மெய்நாடி உடனே அவரைப் போரில் வீழ்ந்தவரின் வாரிசு என்று பதிந்து, காப்பறை மூடும் விழாவில் முதல் வரிசையில் நாற்காலி ஒதுக்கியது. ஞானசிகாமணிக்கு அதைக் கேட்டுச் சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. நேற்று குத்தினவனுக்கு இன்று நம் கையாலேயே மாலையும் போடவேண்டியிருக்கிறதே என்று மனம் குமைந்தது.

“இந்த உடைக்கும் அந்த மரணத்துக்கும் தொடர்பு என்ன? கொன்றவர் யார்?” என்று கேட்டது மெய்நாடி.

இதை அவர் எதிர்பார்க்கவில்லை. மேலங்கியைப் பார்த்தார். மேளம் அழுத்திய தோள், வியர்வை ஊறிய கழுத்துப்பட்டை, யாரோ ஒருத்தி கொட்டிய ஆரத்தி தெறித்த கைமடிப்பு. ஊரெல்லாம் சாப்பிட்டு முடித்தபிறகு கடைசிப் பந்தியில் உட்கார்ந்து சாப்பிட்டிருப்பார் அந்த மனிதர். குதிரை மிரண்டால்கூட நின்று விலகி வழிவிட்டிருப்பார். தெரியாது என்று சொன்னால் தொடர்பில்லை என்று ஆகிவிடும். விளக்கு இன்னும் எரிந்துகொண்டிருந்தது.

“இதைப் போட்டிருந்தவருதான்” என்றார் ஞானசிகாமணி.

“எதனால் கொன்றார்?”

“மேளக் குச்சியால.”

“அவர் பெயர்?”

ஞானசிகாமணி வாயைத் திறந்தார். பெயர் வரவில்லை. சட்டையை வைத்திருந்தார்கள், குதிரையை நினைவு வைத்திருந்தார்கள், அந்த ஆளின் பெயரை அவர்கள் வீட்டில் யாரும் ஒருநாளும் சொன்னதில்லை. இவரும் கேட்டதில்லை. கடைசியில் தன் பெயரையே சொன்னார். பேரனுக்குப் பாட்டன் பெயரை வைப்பது வழக்கம் என்று மெய்நாடிக்கும் தெரியும். அது ஏற்றுக்கொண்டது. கரைதொட்டியின் மூடி தானாக மூடிக்கொண்டது.

வெளியே வரும்போது அம்பலவாணன், “அண்ணாச்சி” என்று கூப்பிட்டுக்கொண்டே வாசல்வரை பின்னால் வந்தார். ஞானசிகாமணி திரும்பவில்லை.

வீட்டில் ஆவுடை வாசலிலேயே நின்றிருந்தாள். கை வெறுமையாக வந்தவரைப் பார்த்ததும் பயந்துபோய், சட்டை போச்சா என்று கேட்டாள். இல்லை, இடம் கிடைத்துவிட்டது என்றார். பிறகு ஏன் முகம் இப்படி இருக்கிறது என்று கேட்டுக் கையைப் பிடித்து உட்காரவைத்தாள்.

“அம்பலம் என்னை ஒரு நாள் சபையில வச்சுக் காட்டிக்குடுத்தான், ஆவுடை” என்றார் அவர். “நான் பேருகூடத் தெரியாத ஒரு மேளக்காரரை ஆயிரம் வருஷத்துக்குக் கொலைகாரராக்கிட்டு வந்திருக்கேன்.”